எடை மேடைக்கு இரைச்சல் குறைந்த ஐசொலேட்டட் பவர் சப்ளை: படிப்படியாக ஒரு முழு டிசைன்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒழுங்காக நிற்கிற எடை மேடை, கோவை குறிச்சி சிட்கோவில் ஒரு ஃபவுண்டரிக்குள் போனதும் கடைசி இலக்கத்தில் ஆடத் தொடங்கும். பல்லடம் பக்கத்துத் தீவன மில்லானாலும் அவிநாசி ரோட்டு ஸ்பின்னிங் மில்லானாலும் இதே கதைதான். லோட்செல்லை (எடையை மின் சிக்னலாக்கும் சென்சாரை) மாற்றிப் பார்ப்பார்கள், அந்தச் சிக்னலைப் படிக்கிற கார்டை மாற்றிப் பார்ப்பார்கள், புதிதாக எர்த் ராடு கூட இறக்குவார்கள். பல இடங்களில் கோளாறு அந்த கார்டுக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன ஐசொலேட்டட் சப்ளையில், அதாவது உள்ளீடும் வெளியீடும் நேரடி மின் தொடர்பில்லாத சப்ளையில் இருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் மீட்டரில் சரியாக 5 வோல்ட் காட்டுகிறது.

அந்தச் சப்ளையை நாமே டிசைன் செய்வது எப்படி என்பதுதான் இங்கே. பேனலில் இருக்கும் 24 வோல்ட் டிசியில் இருந்து, தனி கிரவுண்டோடு 5 வோல்ட், 120 மில்லியாம்ப். 230 வோல்ட் பக்கம் நாம் கை வைக்கப் போவதில்லை. அதற்குத் தரச்சான்று உள்ள எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் சப்ளை) ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, வியாபாரத்துக்குப் பயன்படுகிற, முத்திரை இட்ட தராசைத் திறந்து இதைச் செய்து பார்க்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அதை அனுமதிக்காது. தொழிற்சாலைக்குள் பேட்சிங், கண்காணிப்பு போன்ற வேலைக்கு ஓடுகிற மேடையாகவோ, புதிதாக நீங்கள் உருவாக்குகிற கருவியாகவோ இருக்கட்டும்.

எவ்வளவு அமைதி தேவை

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். நான்கு மூலையிலும் 350 ஓம் லோட்செல் என்றால், நான்கும் இணையாகச் சேர்ந்து 87.5 ஓம். 5 வோல்ட் கொடுத்தால் 57 மில்லியாம்ப். ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் சிப்), டிஜிட்டல் ஐசொலேட்டர், மற்ற சில்லறைகளுக்கு ஒரு 30. கொஞ்சம் தாராளமாக 120 என்று வைத்துக்கொள்ளலாம்.

லோட்செல்லின் உணர்திறன் பெரும்பாலும் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் வெளியே வருவது 10 மில்லிவோல்ட்தான். மேடையின் சொந்த எடை, பாதுகாப்புக்கு விட்ட மிச்சம் எல்லாம் போக, உண்மையில் நமக்குக் கிடைப்பது பாதி, 5 மில்லிவோல்ட். அதை 3000 பிரிவாகக் காட்ட வேண்டும் என்றால் ஒரு பிரிவு 1.7 மைக்ரோவோல்ட். எண் ஆடாமல் நிற்க, உள்ளே அதைவிடப் பத்து மடங்கு நுணுக்கமாக அளக்க வேண்டும். ஆக 0.2 மைக்ரோவோல்ட்டைக் கெடுக்கிற எதுவும் நமக்குப் பகை. சாதாரண ஸ்விட்சிங் சப்ளையின் வெளியீட்டில் 50 மில்லிவோல்ட் ரிப்பிள் (டிசி மேல் ஏறி இறங்கும் அலை) இருப்பது சகஜம். இரண்டுக்கும் நடுவே லட்சம் மடங்குக்கு மேல் தூரம்.

ஆனால் இந்தத் தூரம் பயமுறுத்துகிற அளவுக்குக் கஷ்டமானதில்லை. லோட்செல்லுக்குக் கொடுக்கிற அதே 5 வோல்ட்டையே ஏடிசிக்கு ரெஃபரன்ஸாகவும் கொடுத்துவிட்டால், அந்த வோல்ட்டேஜ் மெதுவாக ஏறி இறங்குவது விகிதத்தில் அடிபட்டுப் போய்விடும். நம்மைக் கொல்வது வேறு ஒன்று.

இரண்டு வகை இரைச்சல், இரண்டு வகை மருந்து

பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தெரிகிற ரிப்பிள் ஒரு வகை. இண்டக்டர், கெப்பாசிட்டர், எல்டிஓ (வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் லீனியர் ரெகுலேட்டர்) என்று போட்டு இதைக் கொல்வது எளிது. பாடப்புத்தகம் எல்லாம் இதைப் பற்றித்தான்.

இன்னொரு வகையில், டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுப் பக்கமான செகண்டரியின் பிளஸ்ஸும் கிரவுண்டும் சேர்ந்தே, உள்ளீட்டுப் பக்கமான பிரைமரியின் கிரவுண்டைப் பொறுத்துத் துள்ளும். இதுதான் காமன் மோட். இது வருகிற வழி டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே இருக்கிற கெப்பாசிட்டன்ஸ். இரண்டு தாமிரக் கம்பிக் கூட்டம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது கெப்பாசிட்டர்தானே. ஐசொலேஷன் என்று நாம் நினைப்பது டிசிக்கு மட்டும்தான் சுவர்; வேகமான விளிம்புகளுக்கு அது திறந்த கதவு.

கணக்கு போட்டுப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டுகிற ஸ்விட்ச் முனை 10 வோல்ட்டை 20 நானோ நொடியில் தாண்டுகிறது. நடுவே 20 பிகோஃபாரட். கரண்ட் என்பது கெப்பாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்ட்டேஜ் மாறும் வேகம். 10 மில்லியாம்ப் வருகிறது, ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு குத்து. அது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். செகண்டரி கிரவுண்டில் இருந்து அதற்குக் கிடைக்கிற வழி லோட்செல் கேபிள், அதன் ஷீல்டு, மேடையின் இரும்பு, அங்கிருந்து எர்த். 1 மீட்டர் கம்பிக்குக் கிட்டத்தட்ட 1 மைக்ரோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது 63 ஓம். அந்த வழியாக 1 மில்லியாம்ப் போனாலே 63 மில்லிவோல்ட் எழும். ஏடிசியின் உள்வாயில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் இந்த மெகாஹெர்ட்ஸ் குத்துகளை அரைகுறையாக ரெக்டிஃபை செய்து டிசி பிழையாக மாற்றிவிடும். கேபிளைக் கையால் நகர்த்தினால் எடை மாறுகிறது என்று சொல்வார்களே, அது இதுதான்.

எல்டிஓ இதற்கு உதவாது. அதன் உள்வாய், வெளிவாய், கிரவுண்டு மூன்றும் சேர்ந்தே துள்ளும்போது அதற்கு ஒன்றுமே தெரியாது. மூன்று எல்டிஓவை வரிசையாக அடுக்கினாலும் காமன் மோட் அப்படியேதான் இருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் யோசியுங்கள். மில்லில் விஎஃப்டிகள் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள்) ஓடுகின்றன. பேனலின் 24 வோல்ட் கிரவுண்டு, லோட்செல் மேடையின் எர்த்தைப் பொறுத்துத் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அந்தத் துள்ளலும் இதே 20 பிகோஃபாரட் வழியாகத்தான் நம் கார்டுக்குள் வருகிறது. ஆகவே இந்த டிசைன் முழுவதும் இரண்டே வேலை: அந்தக் கெப்பாசிட்டன்ஸைச் சிறிதாக வைப்பது, அதை ஆட்டுகிற முனையை மெதுவாக ஆட வைப்பது. ஃபில்டர் எல்லாம் அப்புறம்.

எந்த அமைப்பு

ரெடிமேடாகக் கிடைக்கிற பி0505எஸ் மாதிரி 1 வாட் மாட்யூலைப் போடலாமே என்பார்கள். எல்இடி எரிக்க, ஆர்எஸ்-485 ஓட்ட அது போதும். இங்கே வேண்டாம். அதன் வெளியீடு லோடுக்கு ஏற்ப மாறும், அதிர்வெண் நம் கையில் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கவும் முடியாது. சிப்புக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஏடியூஎம்5000 வகை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே 180 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடுகிறது, போர்டு முழுக்க ஆன்டெனாவாகிவிடும்.

ஃப்ளைபேக் மலிவானது. ஆனால் அதன் இயல்பே ஆற்றலைச் சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கொட்டுவது. செகண்டரி கரண்ட் துண்டு துண்டாக வரும், லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (இரண்டு காயிலும் முழுதாக இணையாததால் மிஞ்சுவது) ஒவ்வொரு முறையும் ஒரு குத்து குத்தும், பிரைமரியில் ஒரு பக்கம் மட்டும் துள்ளும்.

நமக்கு ஏற்றது புஷ்-புல். 24 வோல்ட்டை முதலில் 5 ஆக இறக்கி இதற்குக் கொடுப்போம். சென்டர் டேப் (காயிலின் நடுவில் இருந்து எடுத்த முனை) உள்ள பிரைமரி, இரண்டு ஸ்விட்ச், மாறி மாறிச் சரிபாதி நேரம். ஒரு முனை 0-வில் இருந்து 5-ன் இரட்டிப்பான 10 வோல்ட்டுக்கு ஏறும்போது மறு முனை 10-ல் இருந்து 0-வுக்கு இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் சமச்சீராக இருந்தால் ஒன்று தள்ளுகிற காமன் மோட் கரண்டை மற்றது இழுத்துக்கொள்ளும். முழுமையாக அழியாது, ஆனாலும் பெரும் பகுதி காசில்லாமல் போய்விடுகிறது. ரெக்டிஃபை செய்த பிறகு கிட்டத்தட்ட தொடர்ச்சியான டிசி வருவதால் ஃபில்டரும் சிறிதாகவே போதும். ஃபீட்பேக் வைத்து ரெகுலேட் செய்ய வேண்டாம்; முன்னால் 5 வோல்ட் நிலையாக இருக்கிறது, பின்னால் எல்டிஓ இருக்கிறது. நடுவில் ஆப்டோ கப்ளர், லூப் என்று தலைவலி எதற்கு.

டிரைவருக்கு, அதாவது இரண்டு ஸ்விட்சையும் ஓட்டும் சிப்புக்கு, எஸ்என்6505ஏ. 5 வோல்ட்டில் ஓடும், 1 ஆம்ப் வரை தாங்கும், ஸாஃப்ட் ஸ்டார்ட்டும் விளிம்பு வேகக் கட்டுப்பாடும் உள்ளேயே இருக்கின்றன, 160 கிலோஹெர்ட்ஸ். இதன் அண்ணன் எஸ்என்6505பி 420 கிலோஹெர்ட்ஸில் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் சிறிதாகும், இரைச்சல் பெரிதாகும். நமக்கு ஏ போதும். செலவு பரவாயில்லை, இன்னும் அமைதி வேண்டும் என்றால் எல்டி3439 பாருங்கள். விளிம்பு வேகத்தை ரெசிஸ்டர் வைத்து நாமே குறைத்துக்கொள்ளலாம். நம் ஊர் இன்வெர்ட்டர் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமான எஸ்ஜி3525-ஐ வைத்தும் செய்யலாம். அப்போது மாஸ்ஃபெட்டின் டிரெய்னுக்கும் கேட்டுக்கும் நடுவே சிறு கெப்பாசிட்டர், கேட்டில் பெரிய ரெசிஸ்டர் என்று போட்டு விளிம்பை மெதுவாக்க வேண்டும். டெட் டைமையும் (இரண்டு ஸ்விட்சும் ஆஃபாக இருக்கும் இடைவேளையையும்) அதற்கேற்ப நீட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஸ்விட்சும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி பிரைமரி ஷார்ட் ஆகும்.

விளிம்பை மெதுவாக்குவதில் என்ன லாபம்? 20 நானோ நொடி விளிம்பின் ஆற்றல் சுமார் 16 மெகாஹெர்ட்ஸ் வரை பரவி, அதற்கு மேல்தான் வேகமாக விழும். 200 நானோ நொடியாக்கினால் அந்த எல்லை 1.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காமன் மோட் குத்தும் பத்தில் ஒன்றாகும். இதற்கு நாம் கொடுக்கிற விலை ஸ்விட்ச் சூடாவது. 10 வோல்ட், 0.2 ஆம்ப், 200 நானோ நொடி, 160 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் இரண்டு ஸ்விட்சிலும் சேர்த்து 0.13 வாட் போகும். 0.6 வாட் சப்ளைக்கு அது அதிகம்தான். எடை நிலையாக நிற்கும் என்றால் 0.13 வாட் போனால் போகட்டும். எஃபிஷியன்சியைப் பெருமையாகச் சொல்கிற இடம் இது இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர்: இங்கேதான் மெனக்கெட வேண்டும்

பம்ப் மோட்டார் வைண்டிங் தெரிந்த கைகளுக்குக் கோவையில் பஞ்சமில்லை. ஆனால் "நல்லா இறுக்கமா, மேல மேல சுத்திக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் கெட்டது. இறுக்கமாக ஒன்றின் மேல் ஒன்று சுற்றினால் கெப்பாசிட்டன்ஸ் பல பத்து பிகோஃபாரட்டுக்குப் போகும். நமக்கு வேண்டியது நேர்மாறானது.

கோர் ஈஈ16, பிசி40 ஃபெரைட். குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 20 சதுர மில்லிமீட்டர். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: கடையில் கிடைப்பதில் பாதி, சார்ஜர் ஃப்ளைபேக்குக்காக நடுக்காலைத் தேய்த்து இடைவெளி விட்டவை. நமக்கு இடைவெளி இல்லாதது வேண்டும். பாபின் (கம்பி சுற்றும் கூடு) இரண்டு அறை உள்ளதாக இருக்கட்டும், நடுவே சுவர் வைத்தது. ஒரு அறையில் பிரைமரி, மறு அறையில் செகண்டரி.

சுற்றுகள்: பிரைமரி 16 + 16, செகண்டரி 24 + 24. எப்படி வந்தது என்றால், அரைச் சுழற்சி 3.125 மைக்ரோ நொடி. 5 வோல்ட்டை அதனால் பெருக்கி, 16 சுற்று, 20 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் ஃப்ளக்ஸ் வீச்சு 0.05 டெஸ்லா. பிசி40 நூறு டிகிரி சூட்டிலும் 0.39 டெஸ்லா வரை தாங்கும். எங்கேயோ இருக்கிறோம். 8 சுற்றே போதுமே என்று தோன்றும். ஆனால் இடைவெளி இல்லாத ஈஈ16-க்கு ஒரு சுற்றுக்குச் சுமார் 1100 நானோஹென்றி, அது சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், 8 சுற்றுக்கு 70 மைக்ரோஹென்றிதான் வரும், மேக்னடைசிங் கரண்ட் மட்டும் 0.2 ஆம்ப் வீச்சாகிவிடும். லோடு கரண்டே அவ்வளவுதான். 16 சுற்றில் 280 மைக்ரோஹென்றி, 56 மில்லியாம்ப் வீச்சு. ஒழுங்கு.

செகண்டரிக் கணக்கில் பலர் ஏமாறுகிற இடம், மெதுவான விளிம்பு தின்னும் நேரம். பிரைமரியில் ஸ்விட்சின் இழப்பு போக 4.8 வோல்ட், 1.5 மடங்கு விகிதத்தில் 7.2. விளிம்பும் டெட் டைமும் சேர்ந்து அதில் சுமார் 8 சதவீதம் தின்றால் 6.6. டையோடு 0.35 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 6.2 வோல்ட். 5 வோல்ட் எல்டிஓவுக்கு உள்வாயில் 1.2 வோல்ட் கூடுதலாக இருக்கிறது, நல்லது.

சுற்றும் விதம். பிரைமரியின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகச் சுற்றக் கூடாது. எஸ்டபிள்யூஜி 32 எனாமல் கம்பி இரண்டைச் சேர்த்துப் பிடித்து, ஜோடியாகவே 16 சுற்று. ஒரு ஸ்விட்ச் ஆஃப் ஆகும்போது கரண்ட் மறு பாதிக்குத் தாவ வேண்டும். இரண்டும் ஒட்டி இருந்தால்தான் தாவும், இல்லையென்றால் அங்கே குத்து எழும். முதல் கம்பியின் முடிவும் இரண்டாவது கம்பியின் தொடக்கமும் சேர்ந்து சென்டர் டேப். செகண்டரியும் இதே மாதிரி ஜோடியாக 24 சுற்று. பிரைமரி தனக்குள் நெருக்கம், செகண்டரி தனக்குள் நெருக்கம், இரண்டுக்கும் நடுவே விலக்கம். அந்த விலக்கத்தால் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் கூடத்தான் செய்யும். 1 வாட்டுக்கும் குறைவான, மெதுவாக ஆடுகிற புஷ்-புல்லில் அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

சென்டர் டேப்பைச் சரியாகச் சேர்த்தீர்களா என்று பார்க்க எல்சிஆர் மீட்டர் போதும். ஒரு பாதி 280 மைக்ரோஹென்றி என்றால் இரண்டு வெளி முனைகளுக்கும் நடுவே நான்கு மடங்கு, 1.1 மில்லிஹென்றி வர வேண்டும். கிட்டத்தட்டப் பூஜ்யம் வந்தால் கம்பியை மாற்றிச் சேர்த்திருக்கிறீர்கள். பாதியே 280 வராமல் 150-ல் நின்றால் கோர் முகத்தில் தூசி இருக்கிறது, அல்லது இடைவெளி விட்ட கோரைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் முக்கியமான அளவு. பிரைமரி முனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், செகண்டரி முனைகளையும் ஒன்றாக. இரண்டுக்கும் நடுவே 100 கிலோஹெர்ட்ஸில் கெப்பாசிட்டன்ஸ் பாருங்கள். 10 பிகோஃபாரட்டுக்குள் வர வேண்டும். வந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஃபெரைட் முழு இன்சுலேட்டர் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாங்கனீஸ்-துத்தநாக ஃபெரைட் ஓரளவு மின்கடத்தும். பிரைமரி கோரை ஆட்டும், கோர் செகண்டரியை ஆட்டும். ஆகவே கோருக்கு வெளியே, காயிலையும் சேர்த்து முழுதாக ஒரு சுற்றுத் தாமிரப் பட்டை போட்டு, முனைகளைச் சேர்த்து சால்டர் செய்து, பிரைமரி கிரவுண்டில் கட்டுங்கள். வெளியே சிந்துகிற காந்தப் புலத்தையும் இது அடக்கும். காயில்களுக்கு நடுவே ஷீல்டாகப் போடுகிற தாமிரத் தகடு வேறு கதை: அது கோரின் நடுக்காலைச் சுற்றுவதால் அதன் முனைகள் ஒன்றையொன்று தொடவே கூடாது, தொட்டால் ஷார்ட் ஆன ஒரு சுற்று. இரண்டு அறை பாபினில் அந்த உள் ஷீல்டு தேவைப்படாது.

ரெக்டிஃபயரும் ஸ்னப்பரும்

சென்டர் டேப்பில் இரண்டு ஷாட்கி டையோடு. ஒன்று கடத்தும்போது மற்றதன் மேல் செகண்டரியின் இரட்டிப்பு, 15 வோல்ட், ரிங்கிங்கையும் சேர்த்தால் இன்னும் மேலே. 20 வோல்ட் டையோடு வேண்டாம். எம்பிஆர்0540 அல்லது 1என்5819, இரண்டும் 40 வோல்ட்.

டையோடின் கெப்பாசிட்டன்ஸும் லீக்கேஜ் இண்டக்டன்ஸும் சேர்ந்து மணி அடிக்கும். அதை அடக்க ஆர்சி ஸ்னப்பர் வேண்டும், மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஆஸிலாஸ்கோப்பில் ரிங்கிங் அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டையோடுக்குக் குறுக்கே கெப்பாசிட்டரைக் கூட்டிக்கொண்டே போய் அந்த அதிர்வெண் பாதியாகும் இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் கூட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் ஏற்கனவே அங்கே இருக்கிற கெப்பாசிட்டன்ஸ். உதாரணத்துக்கு 20 மெகாஹெர்ட்ஸ், 300 பிகோஃபாரட் கூட்டியதும் 10 ஆனது என்றால், அங்கே இருப்பது 100 பிகோஃபாரட். அதிலிருந்து இண்டக்டன்ஸ் 0.63 மைக்ரோஹென்றி, இரண்டின் விகிதத்துக்கு வர்க்கமூலம் 80 ஓம். ஆக 82 ஓமும் 330 பிகோஃபாரட்டும் வரிசையாக. ஒவ்வொன்றிலும் 12 மில்லிவாட் வீணாகும், அவ்வளவுதான்.

டையோடுக்கு அடுத்து நேராகக் கெப்பாசிட்டரைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். முதலில் 33 மைக்ரோஹென்றி இண்டக்டர், ஷீல்டு உள்ளது. அதற்குப் பிறகு 10 மைக்ரோஃபாரட். இல்லையென்றால் ஒவ்வொரு விளிம்பிலும் கெப்பாசிட்டர் கரண்டை உறிஞ்சும், நாம் மெதுவாக்கிய விளிம்பெல்லாம் கரண்டில் கூர்மையாகத் திரும்பி வரும். இந்த ஜோடியின் எல்லை 8.8 கிலோஹெர்ட்ஸ், ரிப்பிள் வருவது இரட்டிப்பான 320 கிலோஹெர்ட்ஸில். கணக்குப்படி ஆயிரம் மடங்குக்கு மேல் குறையும்.

கணக்குப்படி என்றேன், ஏனென்றால் செராமிக் கெப்பாசிட்டரில் எழுதியிருக்கிற 10 மைக்ரோஃபாரட் 6 வோல்ட் ஏறியதும் 10 ஆக இருக்காது. சின்ன 10 வோல்ட் ரகம் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். 25 வோல்ட், பெரிய அளவு வாங்குங்கள். பக்கத்திலேயே 47 மைக்ரோஃபாரட் சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ஒன்றையும் வையுங்கள். அதன் உள் ரெசிஸ்டன்ஸ்தான் எல்சி ஃபில்டர் தானே மணியடிக்காமல் காக்கும். நல்ல தரம் என்று நினைத்து உள் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைந்த கெப்பாசிட்டரை இந்த இடத்தில் போட்டால் பலன் இல்லை.

எல்டிஓவில் காசைக் கொட்ட வேண்டாம். எல்டி3042 அருமையானது, 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல், 1 மெகாஹெர்ட்ஸிலும் 79 டெசிபெல் தடுக்கும். ஆனால் ரெஃபரன்ஸும் லோட்செல்லும் ஒரே வோல்ட்டேஜில் இருப்பதால் டிபிஎஸ்7ஏ49 போதும். அதன் 15 மைக்ரோவோல்ட் விகிதத்தில் பெரும்பாலும் அடிபட்டுவிடும். 7805 இங்கே ஆகாது, அதற்கு உள்வாயில் 2 வோல்ட் கூடுதலாக வேண்டும். எல்டிஓவுக்கு முன்னால் ஒரு ஃபெரைட் பீட் போடுங்கள். பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலான எல்டிஓக்கள் வெறும் கம்பிதான்.

அதிர்வெண் எங்கே நிற்கிறது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எடைக் கருவிகளில் பரவலாக இருக்கிற ஏடிஎஸ்1232 ஏடிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள் கிளாக் 4.9152 மெகாஹெர்ட்ஸ், சிக்னலை மாதிரி எடுக்கிற மாடுலேட்டர் அதில் 64-ல் ஒரு பங்கு, 76.8 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸை அழகாக வடிகட்டும் அதன் டிஜிட்டல் ஃபில்டர், 76.8-ன் மடங்குகளில் கண்ணை மூடிக்கொள்ளும். இரண்டு மடங்கு 153.6. நம் டிரைவரோ பெயரளவில் 160. சிப்புக்குச் சிப்பு, சூட்டுக்குச் சூடு அது நகரும். நகர்ந்து 153.6-க்கு அருகே வந்து நின்றால் இரண்டின் வித்தியாசம் சில ஹெர்ட்ஸ், அதாவது எடை மெதுவாக அலைகிறது. மதியம் வெயில் ஏறினால் ஆடுகிறது, சாயங்காலம் நின்றுவிடுகிறது என்று புகார் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

எஸ்என்6505-ன் உள் கிளாக் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் செய்யும், அதாவது அதிர்வெண்ணை வேண்டுமென்றே இப்படியும் அப்படியும் அசைக்கும். இஎம்ஐ டெஸ்ட் லேபில் மதிப்பெண் வாங்க அது உதவும். நமக்கு அது உபத்திரவம். மொத்த ஆற்றல் குறையவில்லை, பரவியிருக்கிறது, பரவுகிற வழியில் 153.6-ஐயும் தொட்டுவிடலாம். ஆகவே கிளாக் பின்னுக்கு வெளியே இருந்து, கிரிஸ்டல் உள்ள மைக்ரோகன்ட்ரோலரில் இருந்து நிலையான கிளாக் கொடுங்கள். ஸ்விட்சிங் 189 கிலோஹெர்ட்ஸ் அருகே விழும்படி வைத்தால் 153.6-க்கும் 230.4-க்கும் ஏறக்குறைய நடுவே நிற்கும். அதிர்வெண் கூடுவதால் டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு நமக்குச் சாதகமாகவே நகரும்.

24-ல் இருந்து 5 வோல்ட் எடுக்கிற பக் கன்வெர்ட்டருக்கும் (வோல்ட்டேஜை இறக்கும் ஸ்விட்சிங் சுற்றுக்கும்) இதே கண். எல்லாக் கடையிலும் கிடைக்கிற எல்எம்2596 மாட்யூல் 150 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதே ஆபத்தான இடம். 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிற, ஷீல்டு இண்டக்டர் உள்ள பக் ஒன்றைப் போட்டு, அதன் வெளிவாயிலும் உள்வாயிலும் ஒரு எல்சி வையுங்கள். 24-ஐ நேராக லீனியரில் 5 ஆக்கினால் 4 வாட் வரை சூடு. மில் பேனலுக்குள் ஏப்ரல் மாதத்தில் அதைச் செய்யாதீர்கள்.

ஒய் கெப்பாசிட்டர், கடைசியாக

மிச்சமிருக்கிற காமன் மோட் கரண்ட் வீட்டுக்குத் திரும்பக் குறுக்குவழி கொடுப்பது ஒய் கெப்பாசிட்டர்: பிரைமரி கிரவுண்டுக்கும் செகண்டரி கிரவுண்டுக்கும் நடுவே, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி. டிரான்ஸ்ஃபார்மரில் 10 பிகோஃபாரட் இருக்க 1 நானோஃபாரட் போட்டால், கிரவுண்டுகளுக்கு நடுவே துள்ளல் நூறில் ஒன்றாகும். பலர் இதை முதலிலேயே 4.7 நானோஃபாரட் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். மேசை மேல் தீரும். மில்லுக்குப் போனால் அதே கெப்பாசிட்டர் விஎஃப்டி இரைச்சலுக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கும். அதனால்தான் விளிம்பையும் டிரான்ஸ்ஃபார்மரையும் முதலில் சரி செய்யச் சொன்னேன். அப்போது 220 அல்லது 470 பிகோஃபாரட்டே போதுமானதாக இருக்கும். ஒய்1 அல்லது ஒய்2 தரம் உள்ளதை மட்டும் போடுங்கள்.

போர்டில் பிரைமரி, செகண்டரி செம்புக்கு நடுவே 8 மில்லிமீட்டர் விடுங்கள், எந்த லேயரிலும் எதுவும் தாண்டக் கூடாது. டிரைவர், டிரான்ஸ்ஃபார்மர், 5 வோல்ட் கெப்பாசிட்டர் மூன்றும் ஒட்டி நிற்க வேண்டும். அந்தச் சுழலின் பரப்புதான் ஆன்டெனா. செகண்டரியில் இரண்டு டையோடு, இண்டக்டர், கெப்பாசிட்டர் அதே போல. ஏடிசி போர்டின் மறுகோடிக்குப் போகட்டும்.

அளந்து பார்ப்பது

ஸ்கோப் ப்ரோபின் நீளமான முதலைக் கிளிப்பை முதலில் கழற்றி வையுங்கள். அதோடு அளந்தால் நீங்கள் பார்ப்பது கிளிப் பிடித்த இரைச்சல். ப்ரோப் நுனியில் போடுகிற ஸ்பிரிங் கிரவுண்டு, அல்லது சால்டர் செய்த கோஆக்ஸ். அப்புறம் ப்ரோப் நுனியையும் அதன் கிரவுண்டையும் சேர்த்தே செகண்டரி கிரவுண்டில் வையுங்கள். பூஜ்யம் தெரிய வேண்டும். குத்துகள் தெரிந்தால் அது முழுக்கக் காமன் மோட். வெளியீட்டில் நீங்கள் அளந்ததாக நினைத்த ரிப்பிளிலும் அது கலந்திருக்கிறது.

காமன் மோட் கரண்டை நேராகவே அளக்கலாம். 24 வோல்ட்டை எர்த்தோடு தொடர்பில்லாத பேட்டரியில் இருந்து கொடுத்து, ஒய் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு கிரவுண்டுகளுக்கும் நடுவே 50 ஓம் ரெசிஸ்டர் வைத்து அதன் குறுக்கே பாருங்கள். 50 மில்லிவோல்ட் குத்து என்றால் 1 மில்லியாம்ப். நன்றாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் இதைவிடக் கீழே வர வேண்டும். ஒரு பக்கக் குத்து மட்டும் பெரிதாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிகள் சமமாக இல்லை. செகண்டரியின் லீடு வயர்கள் பிரைமரிப் பக்கம் உரசிக்கொண்டு போகின்றனவா என்று பாருங்கள்.

ஸ்கோப்பில் எல்லாம் அழகாகத் தெரிந்தாலும் அதை நம்பி முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் நமக்கு வேண்டிய 0.2 மைக்ரோவோல்ட் அதில் தெரியவே தெரியாது. லோட்செல்லுக்குப் பதில் 350 ஓம் ரெசிஸ்டர் நான்கை பிரிட்ஜாக ஏடிசி உள்வாயில் கட்டுங்கள். லோட்செல் வயரின் நீளத்துக்கே கேபிளும் இருக்கட்டும், ஷீல்டு எர்த்தில் இருக்கட்டும். எல்டிஓவின் உள்வாயில் நான்கு ஏஏ செல் கொண்ட பேட்டரியைக் கொடுத்து ஆயிரம் ரீடிங் எடுங்கள். அவற்றின் திட்ட விலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியை எடுத்துவிட்டு நம் சப்ளையில் அதே ஆயிரம். இரண்டும் ஒன்றாக வரும் வரை டிரான்ஸ்ஃபார்மரையும் ஒய் கெப்பாசிட்டரையும் திருத்திக்கொண்டே இருங்கள். கேபிளைத் தூக்கி, நகர்த்தி, பேனல் கதவில் ஒட்டி வைத்து மறுபடியும் எடுங்கள்; சராசரியும் நகரக் கூடாது. மேசையில் தேறியதும், விஎஃப்டி ஓடுகிற ஏதாவது ஒரு ஷெட்டில் ஒரு முழு ஷிஃப்ட் ஓடவிட்டு அதே கணக்கை எடுத்த பிறகுதான் டிரான்ஸ்ஃபார்மருக்கு மொத்த ஆர்டர் கொடுங்கள்.